ரத்தக்குழாய் வைத்தியத்துக்கு எந்தப் படிப்பு?

பன்னிரண்டாவது முடித்த பிள்ளையிடம் நம்மவர் வீடுகளில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டாக்டரா, இன்ஜினீயரா?" மாட்டுங்காவானாலும் செம்பூரானாலும் தாராவியானாலும் இதில் வித்தியாசம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற ஆட்கள் தேவைப்படும் துறைகள் உண்டு. ரத்தக்குழாய் வைத்தியம் அதில் முக்கியமானது. உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டாம். டிராம்பேயிலிருந்து பரேல் வரை போனால் போதும்.

முதலில் நோயைப் பார்ப்போம். காலுக்குப் போகிற தமனியில் அடைப்பு வந்தால், கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் வலி பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். 'வாயுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுகிறோம். சர்க்கரையால் கால் மரத்துப் போனவர்களுக்கு இந்த வலிகூடத் தெரியாது. விரல் கறுத்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால், விரலோடு நிற்குமா, காலையே எடுக்க வேண்டுமா என்பதுதான் பேச்சு. பீடி, சிகரெட் பிடிக்கும் இளவயது ஆண்களைத் தாக்கும் பர்ஜர் நோயும் இதே வழியில் கொண்டுவிடும். மூட்டை தூக்கிப் பிழைக்கிறவருக்குக் கால் போனால் குடும்பத்தின் வருமானமே போச்சு.

அடைப்பு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க, தமனிக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் ஆஞ்சியோகிராம்தான் அந்தக் காலத்து வழி. குத்தாமல், கீறாமல் கண்டுபிடிக்க முடியாதா என்று டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர்களும், பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரி அறுவை வைத்தியர்களும் சேர்ந்து முயன்றார்கள். டாக்டர் ஜி.பி. பருல்கர் முதலானோர் எழுதிய கட்டுரை 1981-இல் வந்தது. பொறியாளர் ஜி.டி. ஜிண்டால் பல ஆண்டுகள் இதிலேயே உழைத்தார்.

தத்துவம் சுலபம். காலில் மின்முனைகளைப் பட்டை போலச் சுற்றி, உடம்புக்கு உறைக்காத அளவு மெல்லிய மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். எலும்பு, கொழுப்பைவிட ரத்தத்தில் மின்சாரம் எளிதாக ஓடும். ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் காலுக்குள் ரத்தம் கொஞ்சம் கூடும்; அந்தக் கணம் மின்தடை துளி குறையும். அதை அலையாக வரைந்தால், அடைப்புக்குக் கீழே அலை குட்டையாகவும் தாமதமாகவும் வரும். (மூலக் கருத்து 1940-களில் அமெரிக்காவில் யான் நைபோர் செய்தது.) அந்தத் துளி மாற்றத்தை, நோயாளியின் அசைவிலிருந்தும் மூச்சிலிருந்தும் பிரித்தெடுப்பது பொறியாளர் வேலை. அந்த அலையைப் பார்த்து இந்தக் காலைக் காப்பாற்ற முடியுமா என்று சொல்வது சர்ஜன் வேலை. ஒருவர் பாஷை மற்றவருக்குப் புரியாவிட்டால் கருவி அலமாரியில் தூங்கும்.

இன்று டாப்ளர் ஸ்கேன் பரவலாக வந்துவிட்டது. ஆனாலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து, 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு என்கிறோம். வெகுநாள் சர்க்கரைக்காரருக்கோ தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பட்டையைக் காற்றடித்து இறுக்கினாலும் குழாய் அமுங்காது, எண் 1.4-க்கு மேலே போகும். கணக்கு மட்டும் தெரிந்தவர் "நல்லாத்தான் இருக்கு" என்று எழுதிவிடுவார். நோய் தெரிந்தவர் சந்தேகப்பட்டுக் கால் விரலில் அழுத்தம் பார்ப்பார். அதற்கு மலிவான கருவி செய்ய இருவரும் உட்கார வேண்டும்.

இப்படிப்பட்டவர்களைத் தயாரிக்கும் இடங்கள் நம் நாட்டிலேயே உண்டு. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்குத் தொழில்நுட்பம் கற்பிக்கும் முதுகலைப் படிப்பு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினீயரிங் படிப்பில், பொறியாளர்கள் ஆஸ்பத்திரிக்குள் போய்ப் பழகுகிறார்கள். நம்ம பவாய் ஐ.ஐ.டி.யிலும் 2014 முதல் மருத்துவக் கருவி மையம் ஒன்று இயங்குகிறது.

என் அபிப்பிராயத்தில் தடை படிப்பில் இல்லை, வீட்டில்தான். எம்.பி.பி.எஸ். முடித்த பெண் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தால் "எப்போ கிளினிக் வைக்கப் போறே?" என்று சொந்தக்காரர்கள் துளைத்துவிடுவார்கள். சென்னைப் படிப்புக்கு இன்ஜினீயரிங் பட்டம், கரக்பூருக்கு வைத்தியப் பட்டம் என்பதால் பாதையை முதலிலேயே அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளலாம்: கணக்கையும் உயிரியலையும் சேர்த்து எடுக்கப் பதினொன்றாவதிலேயே மகாராஷ்டிரத்தில் இடம் இருக்கிறது.