மேட்டில் நின்ற கார்கள்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கிழக்கே போனால் சுமார் 60 கிலோமீட்டரில் தேயிலைத் தோட்ட ஊரான போனக்காடு. விதுராவைத் தாண்டியதும் பொன்முடிக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம் பிரிந்துவிடுவார்கள். போனக்காட்டுச் சாலை காட்டுக்குள் நுழையும். காணித்தடத்தில் வனத்துறையின் சோதனைச் சாவடி. அதற்கப்புறம் ஏற்றமும் வளைவும்தான், தார் பெயர்ந்து கல் தெரியும் இடங்களும் உண்டு. 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்கு நடக்கிறவர்கள் இந்த ஊரிலிருந்துதான் காலை எடுத்து வைக்கிறார்கள்.

இந்தச் சாலையில் சொந்தக் காரை ஓட்டிப்போனவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், தேயிலையையும் மூடுபனியையும் பிறகுதான் சொல்வார்கள். முதலில் வருவது வண்டியின் கதை. எந்த வளைவில் அடி இடித்தது, எந்த ஓடையில் தண்ணீர் மொண்டு ரேடியேட்டரில் ஊற்றினார்கள், யார் யார் இறங்கித் தள்ளினார்கள் என்பதெல்லாம் வரிசையாக வரும். பழைய கார்களைப் பற்றிய ஆசைப் பேச்சு எங்குமே இப்படித்தான். நாற்கரச் சாலையில் சறுக்கிக்கொண்டு போன பயணத்தை இருபது வருஷம் கழித்து யாரும் சொல்லிக்காட்டுவதில்லை. மேட்டில் நின்றுபோனதைத்தான் சொல்கிறார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே.

தேயிலைத் தோட்டத்தில் வண்டி என்றால் ஜீப். ஜீப் என்றால் துரையுடையது. வெள்ளைக்காரர் காலத்தில் உருவான போனக்காட்டுத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள். வரிசை வீடுகளான லயங்களில் குடியிருந்த அவர்களுக்குச் சொந்தக் கார் என்பது பேச்சிலேயே வராத பொருள். ஆனால் மலைத்தோட்டங்களில் பிரசவ வலி எடுத்தாலும் பாம்பு கடித்தாலும் தோட்டத்து வண்டிதான் வர வேண்டும். அதனால் ஜீப்பின் சத்தத்தை வைத்தே அது எந்த வளைவில் ஏறுகிறது, யார் ஓட்டுகிறார் என்று சொல்லக்கூடிய காதுகள் லயத்துக்கு லயம் இருந்தன. சொந்தமில்லாத வண்டியின் மேலும் பாசம் வைக்க முடியும். கார் நினைவுகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கார் வைத்திருந்தவர்களாக இருப்பதால் இந்தப் பக்கம் எழுத்தில் அதிகம் வருவதில்லை.

அந்த ஜீப்பின் பின்னணியே ஒரு தனிக் கதை. 1945-ல் தொடங்கியது 'மகிந்திரா அண்ட் முகமது' நிறுவனம். 1947-ல் தேசப் பிரிவினை. கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதி அமைச்சரானார். இங்கே பெயர்ப்பலகை 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' என்று மாறியது. அந்த நிறுவனம் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. முதல் தொகுதி 75 வண்டிகள். பின்னால் வந்த சி.ஜே.3பி மாடல்தான் மலைக்காரர்கள் மனதில் நிற்கும் ஜீப். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 80 அங்குலம்தான் என்பதால் கொண்டை ஊசி வளைவில் ஒடித்துத் திருப்பலாம். வழக்கமான கியர் கம்பிக்குப் பக்கத்தில் வேறு கம்பிகளும் இருக்கும். அவற்றை மாற்றிப் போட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும், வேகம் குறைந்து இழுவை கூடும். மழையில் சேறான தோட்டப் பாதையில் நடக்கிற வேகத்தில் அது ஊர்ந்து ஏறிவிடும். 1980களில் பியூஜோ டீசல் எஞ்சின் வந்தபோது எண்ணெய்ச் செலவு குறைந்தது, சத்தம் கூடியது. உட்காருகிற சுகம் மட்டும் கடைசிவரை வரவில்லை. ஜீப்பில் போய்வந்த இடுப்புக்கு அது தெரியும்.

பிறகு தோட்டம் நொடித்தது. நிர்வாகம் கைவிட்டது, கூலி பாக்கி ஆண்டுக்கணக்கில் நின்றது, தேயிலை ஆலை ஓடாமல் துருப்பிடித்தது. இன்று போனக்காட்டுக்கு வரும் வெளியூர்க் கார்களில் ஒரு பங்கு மலையேற வருகிறவர்களுடையது. இன்னொரு பங்கு, '25-ஆம் நம்பர் பங்களா'வில் பேய் இருக்கிறது என்று செல்போனோடு வரும் இளைஞர்களுடையது. உயரம் குறைந்த கார்களில் வருகிறவர்களைப் பேயைவிடச் சாலைதான் அதிகம் பயமுறுத்தும்.

ஜீப் இல்லாதவர்கள் மலை ஏறியது அம்பாசடரில். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அப்படியே கொண்டுவந்து, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிக்கத் தொடங்கிய கார் அது. இங்கிலாந்துக்காரர்கள் அந்த மாடலைச் சீக்கிரமே மறந்துவிட்டார்கள். இங்கே அதன் தயாரிப்பு 2014 மே வரை ஓடியது. முன்னால் சோபா போல ஒரே இருக்கை, ஸ்டியரிங் தண்டிலேயே கியர். கணக்குக்கு ஐந்து பேர், கல்யாணத்துக்குப் போகும்போது எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதில்லை. அடிப்பகுதி உயரம், பின்னால் பட்டை ஸ்பிரிங், கனத்த தகடு. மோசமான சாலைக்கு இதைவிடத் தோதான கார் அன்று இந்தியாவில் விற்கவில்லை.

அதற்கென்று சில குணங்களும் இருந்தன. சித்திரை வெயிலில் முதல் கியரிலேயே மலை ஏறினால் எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். கார்புரேட்டருக்கு எண்ணெய் வராது, வண்டி இருமிக்கொண்டே நிற்கும். இதற்கு ஓட்டுநர்கள் கண்ட வைத்தியம் ஈரத்துணி. பானட்டைத் தூக்கி பெட்ரோல் பம்பின் மேல் நனைத்த துணியைச் சுற்றிவிட்டு, ஒரு பீடி பிடிக்கிற நேரம் காத்திருந்தால் வண்டி கிளம்பும். டிக்கியில் ஒரு தண்ணீர் கேனும் ஒரு பேன் பெல்ட்டும் இல்லாமல் எந்த டாக்ஸிக்காரரும் மேட்டுக்கு வர மாட்டார். பாயின்ட்டில் கரி பிடித்தால் உப்புத்தாள், ப்ளக்கில் பிடித்தால் கம்பி பிரஷ். எட்டாம் வகுப்புப் பையன்கூட அப்பாவோடு நின்று பார்த்துப் பார்த்து இவற்றைக் கற்றிருப்பான். காரின் மேல் உண்டான பாசத்தில் பாதி இந்த வேலைகளில் ஊறியது. கையில் கிரீஸ் படாமல் வந்த பாசம் அல்ல அது.

மலையாள சினிமா இந்தப் பாசத்தைச் சரியாகப் பிடித்தது. 2025 ஏப்ரலில் வெளியான தருண் மூர்த்தியின் 'துடரும்' படத்தில் மோகன்லால், ஒரு காலத்தில் சென்னையில் சண்டைக் கலைஞராக இருந்துவிட்டுக் கேரள மலையோரத்தில் டாக்ஸி ஓட்டும் சண்முகமாக வருகிறார். அவர் உயிரை வைத்திருப்பது ஒரு பழைய கறுப்பு அம்பாசடரின் மேல். படம் பெரிய வெற்றி. தமிழில் 1985-லேயே 'படிக்காதவன்' ரஜினி தன் டாக்ஸிக்கு லட்சுமி என்று பெயர் வைத்துக் கொஞ்சினார். எம்.ஜி.ஆர். பயன்படுத்திய 4777 எண் அம்பாசடர் சென்னை தியாகராய நகரில் உள்ள அவரது நினைவு இல்லத்தில் இன்னும் நிற்கிறது. போகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அம்பாசடர் பிடிக்காதவர்கள் பியட் பக்கம் போனார்கள். 1,089 சி.சி. எஞ்சின், கொஞ்சம் சின்ன உடம்பு, 'நானே ஓட்டிக்கொள்கிறேன்' என்கிற டாக்டர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஏற்ற கார். 1970களின் நடுவில் அதன் பெயர் பிரீமியர் பத்மினி ஆனது. பிரதமராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ஒரு பியட் வாங்கினார். விலை 12,000 ரூபாய். கையில் போதவில்லை என்று பஞ்சாப் நேஷனல் வங்கியில் 5,000 ரூபாய் கடன் எடுத்தார். கடன் தீருமுன் 1966-ல் அவர் காலமாக, மனைவி லலிதா தன் ஓய்வூதியத்திலிருந்து கட்டி முடித்தார். கார் டெல்லியிலுள்ள அவரது நினைவகத்தில் இருக்கிறது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாகவும் உழைத்த பத்மினி, 2023 அக்டோபரில் அந்த வேலையிலிருந்து விடைபெற்றது.

மூன்றாவது சென்னைக்காரர்களின் சொந்தச் செல்லம், வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் முன்பகுதி மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழும். மெக்கானிக் முன் சக்கரத்தின் மேலேயே வசதியாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சின்னத் தெருவிலும் திரும்பும். இங்கிலாந்தில் இரண்டு கதவோடு மட்டும் விற்ற ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தது சென்னையில்தான். மலைக்கு அது ஏற்றதா என்றால், அதை வைத்திருந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் விட்டுவிடலாம்.

ஆக, 1980கள் வரை நடுத்தர வீட்டுக் கனவில் வந்த கார்கள் இந்த மூன்றுதான். பணம் இருந்தாலும் உடனே கிடைக்காது. பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்த கார் பிறகு பத்து, இருபது வருஷம் வீட்டில் ஒருவராக இருக்கும். ஒரே காரில் மூத்தவள் பள்ளிக்கூடம் போயிருப்பாள், அதே காரில் கல்யாணமாகிப் புறப்பட்டுமிருப்பாள்.

இந்த விசுவாசத்தின் அரச வடிவம் திருவனந்தபுரத்திலேயே இருந்தது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவுக்கு 1950களில் வாங்கிய ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் 180 இருந்தது. விலை 12,000 ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. பெங்களூரில் இருந்த காலத்தில் வாங்கியதால் சி.ஏ.என். 42 என்ற கர்நாடகப் பதிவெண். அதற்குப் பதில் இரண்டு புதுக் கார்கள் தருகிறோம் என்று பென்ஸ் கம்பெனி கேட்டும் அவர் கொடுக்கவில்லை என்று சொல்வார்கள். அந்த ஒரு காரிலேயே 23 லட்சம் மைல் போனார் என்றும் ஒரு கணக்கு அச்சில் வந்திருக்கிறது. பூமியைத் தொண்ணூறு முறைக்கு மேல் சுற்றிய தூரம் அது. ராஜ விசுவாசத்தில் யாரோ கொஞ்சம் தாராளமாக எண்ணியிருக்கலாம். ஆனால் 2013 டிசம்பரில் அவர் காலமாகும்வரை வண்டி கைமாறாமல் இருந்ததில் சந்தேகமில்லை.

1983 டிசம்பர் 14 அன்று நிலைமை தலைகீழானது. அன்று பிரதமர் இந்திரா காந்தி, குலுக்கலில் தேர்வான ஹர்பால் சிங் என்பவர் கையில் முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார். அதற்கு முன்பே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்பணம் கட்டிக் காத்திருந்தார்கள். 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன் சக்கர இழுவை. முதல் பார்வையில் அம்பாசடர்க்காரர்கள் அதைத் தகர டப்பா என்றார்கள். சாவியைத் திருப்பியதும் மழைநாளிலும் கிளம்பியபோது வாயை மூடிக்கொண்டார்கள். எஞ்சின் சூடானால் தானாகச் சுற்றும் மின் விசிறி இருந்ததால், ஓடையில் தண்ணீர் மொள்ளும் வேலை போயிற்று. விதுரா ஏற்றத்தில் ஈரத்துணி தேவைப்படவில்லை.

மாருதியின் மேல் இருக்கும் பாசம் வேறு ரகம். அது தொல்லையால் வளர்ந்ததல்ல, முதன்முறையால் வளர்ந்தது. ஸ்கூட்டரில் நான்கு பேராகப் போன குடும்பம் முதன்முதலாக நனையாமல் போனது அதில்தான். பெண்கள் பெருவாரியாக ஓட்டக் கற்ற காரும் அதுவே என்று சொன்னால் தவறாகாது, கிளட்ச் அவ்வளவு லேசு. ஹர்பால் சிங் 2010-ல் இறக்கும்வரை அந்த முதல் காரை விற்கவில்லை. இப்போது அது மாருதியின் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. 2014 ஜனவரியில் 800-இன் தயாரிப்பு நின்றது, நான்கே மாதத்தில் அம்பாசடரும் நின்றது. ஒன்று மற்றொன்றை ஒழித்துக்கட்டியதாகப் பேசப்பட்ட இரண்டு கார்களும் ஒரே வருஷத்தில் விடைபெற்றன.

இன்றைய கார்களில் பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். பழுது என்னவென்று கணினி சொல்ல வேண்டும். ஐந்தாறு வருஷத்தில் மாற்றிவிடுகிறார்கள். பதிவெண்ணுக்குச் செலவழிக்கும் ஆசையும் வளர்ந்திருக்கிறது. 2025-ல் கொச்சியில் 0007 என்ற எண் 45.99 லட்சத்துக்கு ஏலம் போனது. அந்தப் பணத்தில் ஒரு தெரு முழுக்கப் பழைய மாருதி நிறுத்தலாம்.

பழையதை விடாமல் வைத்திருப்பவர்களுக்குச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 என்று அறிவித்தார்கள். 50 வருஷம் கடந்தால் மட்டும் 'வின்டேஜ்' தகுதி உண்டு. 2021 விதிப்படி அதற்குப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும், கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் தவிர அன்றாடம் ஓட்டக்கூடாது. 1960களின் ஜீப்புகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. முதல் மாருதிக்கு 2033 டிசம்பர்வரை பொறுக்க வேண்டும்.

அதுவரை ஓட்ட வேண்டியவர்கள் சென்னைப் புதுப்பேட்டையில் ஹெட்லைட் வளையமும் கதவுக் கைப்பிடியும் தேடுகிறார்கள். அங்கேயும் கிடைக்காததை லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்துகொள்கிறார்கள்.