பிள்ளைக்கு செல்போன் வாங்கப் போறீங்களா? கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மாங்காடு: டியூஷன் முடிஞ்சு வர லேட்டாகுது, எனக்கு ஒரு போன் வாங்கிக் குடுங்க. மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி பக்கம் பல வீடுகளில் இப்போது இதுதான் சண்டை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிற வீடு. பிள்ளை ஸ்கூல் விட்டு வந்து சேர்ந்ததா, கதவைப் பூட்டியதா, சாப்பிட்டதா என்று தெரியாமல் கம்பெனியில் ஷிப்டு பார்த்துக்கொண்டு நிற்கும் அம்மாவுக்கும் மனசு கேட்காது. கையில் இருப்பதையும் கடன் வாங்கியதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

கடையில் என்ன நடக்கும்? ‘என்ன விலையில வேணும்?’ என்று கேட்பார்கள். ‘பிள்ளைக்கு எதுக்கு வேணும்?’ என்று யாரும் கேட்கமாட்டார்கள். 8 ஆயிரம், 10 ஆயிரத்துக்கு ஒரு டச் போன், தினமும் டேட்டா தரும் ஒரு பிளான் என்று தலையில் கட்டி அனுப்பி விடுவார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் போன் கேட்டது என்பது அந்த நிமிஷமே மறந்து போகிறது.

முன்பெல்லாம் இந்தப் பிரச்சினையே இல்லை. பெட்டிக்கடைக்கு பெட்டிக்கடை ஒரு ரூபாய் காயின் போன் தொங்கியது. பிள்ளை கையில் ஒரு ரூபாய் கொடுத்து அனுப்பினால் போதும். செல்போனில் இன்கமிங்குக்கும் காசு பிடித்த காலம் அது. 2003-ல் இன்கமிங் இலவசம் ஆன பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் கைக்கு செல்போன் வந்தது. காயின் போன்கள் இப்போது காணாமல் போய்விட்டன. அதனால் பிள்ளைக்குப் போன் தேவை என்பது நியாயம்தான். எந்தப் போன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

‘என் போன்லயே பேசட்டும்’ - இதுதான் பெரிய ஆபத்து!

தனியாக போன் வேண்டாம், சாயங்காலம் என் போனையே கொடுத்துவிடுகிறேன் என்பவர்கள் நிறைய பேர். சிக்கனம் என்று நினைப்பு. 2020-ல் கொரோனா வந்து ஆன்லைன் கிளாஸ் நடந்தபோது ஆரம்பித்த பழக்கம் இது. கிளாஸ் முடிந்தது, பழக்கம் முடியவில்லை.

உங்கள் போனில் என்னென்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சம்பளம் வரும் பேங்க் கணக்கு அந்த நம்பரில்தான். கேஸ் சிலிண்டர், ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. வருவது அந்த நம்பருக்குத்தான். ஜிபேயும் போன்பேயும் அதில்தான் இருக்கிறது.

‘பின் நம்பர் பிள்ளைக்குத் தெரியாதே’ என்பீர்கள். முதலில், தெரியும். பக்கத்தில் நின்று நீங்கள் அழுத்துவதை நாலு தடவை பார்த்தால் போதும். இரண்டாவது, யு.பி.ஐ. லைட் போட்டு வைத்திருந்தால் பின் நம்பரே தேவையில்லை. அதில் 5 ஆயிரம் ரூபாய் வரை பணம் வைக்கலாம், ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரை பின் கேட்காமலே போய்விடும். சின்ன சின்னக் கடையில் சீக்கிரம் காசு கொடுப்பதற்காக வந்த வசதி அது. கேம் விளையாடும் பிள்ளை கையில் கிடைத்தால் என்ன ஆகும்? அடுத்து ஆட்டோபே. ஒரு தடவை சம்மதம் கொடுத்துவிட்டால் மாதாமாதம் தானாகவே பணம் போய்க்கொண்டிருக்கும். 15 ஆயிரம் ரூபாய் வரையிலான தொகைக்கு மறுபடியும் உங்களைக் கேட்காது, ‘பணம் எடுக்கப் போகிறோம்’ என்று ஒரு மெசேஜ் மட்டும் வரும். அதையும் பிள்ளையே அழித்துவிட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

போனைப் பகிர்ந்துதான் ஆகவேண்டும் என்ற நிலைமை இருக்கிறவர்கள் இன்றைக்கே மூன்று வேலை செய்யுங்கள். யு.பி.ஐ. லைட்டை மூடி பணத்தை பேங்க் கணக்குக்கே திருப்புங்கள். யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து, தெரியாததை எல்லாம் ரத்து செய்யுங்கள். பிளே ஸ்டோர் செட்டிங்கில் எது வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள். கைவரவில்லை என்றால் தெருவில் காலேஜ் படிக்கும் பசங்க யாரையாவது கூப்பிடுங்கள், பத்து நிமிஷ வேலை. பின் நம்பரை மட்டும் நீங்களே அழுத்துங்கள்.

பட்டன் போன் போதும்... ஆனால் பார்த்து வாங்கணும்

பத்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைக்கு, பேசுவதற்கு மட்டும் என்றால், பட்டன் போனே தாராளம். ஆயிரம், இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு, மூன்று நாள் தாங்கும். கீழே போட்டாலும் டச் போன் மாதிரி ஸ்கிரீன் செலவு வைக்காது. ‘எல்லாரும் டச் போன் வெச்சிருக்காங்க, எனக்கு மட்டும் இதுவா?’ என்று பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். இரண்டு நாள் இருக்கும், சரியாகிவிடும்.

பட்டன் போன் என்றாலே நெட் இருக்காது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த ஜியோ பாரத் போனைப் பாருங்கள். பார்க்க பட்டன் போன்தான். உள்ளே 4ஜி, பாட்டு, வீடியோ, யு.பி.ஐ. எல்லாம் இருக்கிறது. ஜியோ சிம் தவிர வேறு சிம்மும் அதில் எடுக்காது. வேறு கம்பெனிகளின் 4ஜி பட்டன் போன் சிலவற்றில் யூ டியூப்பும் வந்துவிட்டது. கடைக்காரரிடம் ‘இதுல நெட் இருக்கா?’ என்று நேரடியாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. அவர்களிடம் 4ஜியும் 5ஜியும்தான். அந்த மாதிரி போனுக்கு ஏர்டெல், வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். சிம்தான் சரிப்படும். மறக்கக் கூடாதது ஒன்று. உங்கள் தெருவில், வீட்டுக்குள்ளே எந்த சிக்னல் நன்றாக எடுக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள். விளம்பரத்தை நம்பி வாங்கிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

2017 ஜனவரி 1-ந் தேதியில் இருந்து விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9-ம் நம்பர் பட்டனை அழுத்திப் பிடித்தால் அவசர போலீஸ் எண் 112-க்கு அழைப்பு போகவேண்டும் என்பது மத்திய அரசின் விதி. டச் போனில் பவர் பட்டனை மூன்று தடவை தொடர்ந்து அழுத்த வேண்டும். பெண் பிள்ளைகள், பையன்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிச்சி தெரு, பர்மா பஜார், உள்ளூர் கடை எங்கே வாங்கினாலும், காசு கொடுப்பதற்கு முன் *#06# அழுத்துங்கள். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பர் வரும். கே, ஒய், எம் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த நம்பரைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். திருட்டு போன் என்று முடக்கப்பட்டதா, போலி நம்பரா என்று பதில் வந்துவிடும். திருட்டு போன் பிள்ளை பையில் இருந்தால் போலீஸ் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்தான்.

வருஷத்துக்கு 12 மாசம், ரீசார்ஜுக்கு 13 மாசம்!

பிளான் விஷயத்தில்தான் காசு சத்தமில்லாமல் போகிறது. 28 நாள் பிளான் போட்டால் வருஷத்துக்கு 13 தடவை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 2024 ஜூலையில் விலை ஏறிய பிறகு ஏர்டெல்லில் 28 நாள் பிளான் 199 ரூபாய் ஆனது. 13 தடவை என்றால் 2 ஆயிரத்து 587 ரூபாய். பட்டன் போனுக்கு இது தண்டம். அதில் தரும் நெட்டை பிள்ளை எங்கே போய்ப் பயன்படுத்தும்?

நெட் வேண்டாதவர்களுக்கு பேச்சும் எஸ்.எம்.எஸ்.சும் மட்டும் உள்ள பிளான் கொடுத்தே ஆகவேண்டும் என்று டிராய் அமைப்பு 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. அப்படிப்பட்ட பிளானை ஒரு வருஷம் வரைக்கும் கொடுக்கலாம் என்றும் சொன்னது. அதன்படி 2025 ஜனவரியில் கம்பெனிகள் புது பிளான்களைக் கொண்டுவந்தன. 84 நாளுக்கு ஜியோ 448 ரூபாய், ஏர்டெல் 469, வோடபோன் ஐடியா 470 என்று அறிவித்தார்கள். ஒரு நாளைக்கு ஆறு ரூபாய்கூட ஆகாது. ஏர்டெல்லில் 365 நாளுக்கு 1,849 ரூபாய். மேலே சொன்ன 13 ரீசார்ஜோடு கழித்துப் பாருங்கள், 738 ரூபாய் மிச்சம். இரண்டு ஸ்கூல் பை வாங்கலாம்.

இந்த பிளானை கடையில் அவர்களாக எடுத்துச் சொல்வது அபூர்வம். ‘பேசுறதுக்கு மட்டும் உள்ள பிளான், டேட்டா வேண்டாம்’ என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். விலை மாறிக்கொண்டே இருப்பதால் அன்றைய ரேட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தமாக 1,800 ரூபாய் கொடுக்க முடியாதவர்கள் 84 நாள் பிளானைப் போடலாம். வருஷ பிளான் போட்டபிறகு போன் தொலைந்தால் காசு போச்சே என்று பயப்பட வேண்டாம். அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கினால் பிளான் அப்படியே இருக்கும்.

சிம் யார் பேரில்?

18 வயது ஆகாதவர்களுக்கு சிம் விற்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2021-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே பிள்ளையின் சிம் அம்மா பேரிலோ அப்பா பேரிலோதான் இருக்க வேண்டும். ரோட்டோரம் குடை போட்டு ‘சிம் இலவசம்’ என்று கொடுப்பவர்களிடம், அல்லது ‘தெரிஞ்ச பையன் வாங்கித் தந்தான்’ என்று அடுத்தவர் பேரில் உள்ள சிம்மை வாங்காதீர்கள். ஏமாற்றி சிம் வாங்கினால் 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம்.

ஒருவர் பேரில் 9 சிம் வரைதான் வைத்துக்கொள்ளலாம். உங்கள் பேரில் எத்தனை ஓடுகிறது என்று ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் உங்கள் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

நிறைய பேர் செய்யும் தப்பு ஒன்று. தாங்கள் புது நம்பர் வாங்கிக்கொண்டு, பழைய சிம்மை பிள்ளையிடம் கொடுத்துவிடுவது. அந்தப் பழைய நம்பர்தான் பேங்கில் இருக்கும். பிள்ளை போனுக்கு பேங்க் ஓ.டி.பி. போகும். ரீசார்ஜ் பண்ணாமல், 20 ரூபாய்கூட பேலன்ஸ் இல்லாமல், 90 நாள் எந்தப் பயன்பாடும் இன்றி கிடந்தால் இணைப்பைத் துண்டிக்கலாம். கொஞ்ச நாள் கழித்து அதே நம்பர் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். பிள்ளைக்கு எப்போதும் புது சிம்தான்.

டச் போன் எப்போ?

பிளஸ்-1 வந்துவிட்டால் வாட்ஸ்அப் குரூப்பில்தான் நோட்ஸ் வருகிறது, தவிர்க்க முடியாது. அப்போது ‘பேமிலி லிங்க்’ என்ற கூகுள் ஆப்பை உங்கள் போனிலும் பிள்ளை போனிலும் போடுங்கள். இலவசம்தான். எத்தனை மணி நேரம், எந்த ஆப், ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டணும் என்பதை உங்கள் போனில் இருந்தே வைக்கலாம். ஒளிஞ்சு வேவு பார்க்காமல், பிள்ளையிடம் சொல்லிவிட்டே போடுங்கள். பேங்க் ஆப், யு.பி.ஐ. இரண்டும் அந்த போனில் கூடாது.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டு தடை விதித்தது. அதற்கு முன்பே தமிழ்நாட்டில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஆடக் கூடாது என்று விதி வந்துவிட்டது. இருந்தாலும் ‘ஜெயிச்சா பணம்’ என்று லிங்க் வருவது நிற்கவில்லை. ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்கு போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. போட்டோவை வைத்து மிரட்டுவது, தெரியாத ஆள் தொல்லை கொடுப்பது என்றால் 1098 குழந்தைகள் உதவி எண். பிள்ளையே அந்த நம்பருக்குப் பேசலாம், காசு கிடையாது. இந்த இரண்டு நம்பரையும் பட்டன் போனிலும் சேவ் பண்ணி வையுங்கள்.

ஸ்கூலுக்குப் போன் எடுத்துப் போகலாமா என்று ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் அனுமதி இல்லை, பிடித்தால் பெற்றோரைக் கூப்பிடுவார்கள். அப்படியானால் போனை வீட்டில் வைத்துவிட்டு, டியூஷனுக்கு மட்டும் எடுத்துப் போகட்டும்.

போன் வாங்கிய அன்றைக்கே டப்பாவில் இருக்கும் ஐ.எம்.இ.ஐ. நம்பரை ஒரு பேப்பரில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். போன் தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்து, சஞ்சார் சாத்தியில் அந்த நம்பரைப் போட்டு போனை முடக்கலாம். அப்புறம், அம்மா நம்பரையும் அப்பா நம்பரையும் பிள்ளையை மனப்பாடம் செய்ய வையுங்கள். ஆடி வெள்ளியில் காமாட்சி அம்மன் கோவில் கூட்டத்தில் கைவிட்டுப் போன பிள்ளையிடம், சார்ஜ் தீர்ந்த போன் இருந்து என்ன பிரயோஜனம்? பக்கத்தில் நிற்கும் அக்காவிடம் ‘இந்த நம்பருக்குப் போன் போடுங்க’ என்று பத்து இலக்கத்தையும் சொல்லத் தெரிந்தால் போதும், பிள்ளை வந்து சேர்ந்துவிடும்.