செவிக்கு எட்டாத வான் இசை

வீணைத் தந்தி ஒன்றின் நீளத்தைச் சரிபாதியாக்கி மீட்டினால், அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமமும், நான்கில் மூன்று பங்காக்கினால் சுத்த மத்திமமும் பிறக்கும். இனிமையின் பின்னால் எளிய எண்கள் மறைந்திருக்கின்றன என்னும் இவ்வுண்மையைக் கிரேக்க ஞானி பைதகரசின் பெயரோடு இணைத்துக் கூறுவது மரபு. அவர் வழிவந்தோர், அதே எண்களே கோள்களையும் ஆள்கின்றன என்றும், வானமே ஒரு பெரும் இசைக்கருவி என்றும் நம்பினர். 6ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ மெய்யியலாளர் பொயேத்தியுஸ் இசையை மூவகையாகப் பிரித்தார். உலகின் இசையை முதலிலும், உடலும் ஆன்மாவும் இசைந்திருக்கும் மனித இசையை அடுத்தும், கருவிகளின் இசையைக் கடைசியிலும் வைத்தார்.

இந்தப் பழைய நம்பிக்கையை அளவீட்டுக்கு உட்படுத்தியவர் ஜேர்மனிய வானியலாளர் யோகான்னஸ் கெப்ளர். போதகராகும் விருப்போடு இறையியல் பயின்ற அவர், படைத்தவரின் திட்டத்தை வானில் தேடினார். ஒவ்வொரு கோளும் சூரியனை நெருங்கும்போது விரைந்தும், விலகும்போது தளர்ந்தும் செல்வதை அவர் கண்டறிந்திருந்தார். அந்த வேகங்களைச் சுரங்களாக்கி, 1619இல் 'உலகின் இசைவு' என்னும் நூலை வெளியிட்டார். அதில் சனிக்குத் தாழ்ந்த குரல். புதனுக்கு உச்சக் குரல். பூமிக்கோ அரைச் சுர அளவே ஏற்ற இறக்கம். கோள்களின் தூரத்தையும் சுற்றுக்காலத்தையும் இணைக்கும் அவரது புகழ்பெற்ற மூன்றாம் விதியும் இந்நூலிலேயே உள்ளது. இவ்விசை காதால் கேட்பதற்கன்று, அறிவால் உணர்வதற்கே என்பது அவர் கருத்து.

எத்தகைய நாட்களில் அவர் இதை எழுதினார்? 1618 பெப்ரவரியில் அவருடைய குழந்தை மகள் கத்தரினா மரித்தாள். அவருடைய தாயார்மீது சூனியக்காரி என்ற குற்றச்சாட்டு நிலவியது. சொந்த லூத்தரன் சபையே அவருக்குத் திருவிருந்தை மறுத்திருந்தது. அவ்வாண்டு மே 23இல் பிராக் நகரில் மூண்ட கலகம் 30 ஆண்டுப் போருக்கு வித்திட்டது. நான்கு நாட்களின் பின், மே 27இல், கெப்ளர் தமது நூலை எழுதி முடித்தார்.

அவர் அறிவால் உணர்ந்ததைப் பிற்காலக் கலைஞர்கள் நம் செவிகளுக்கும் எட்டச் செய்தனர். 1957இல் போல் ஹிண்டமித் கெப்ளரின் வாழ்வை இசைநாடகமாக்கினார். லோரி ஸ்பீகல் என்னும் அமெரிக்கப் பெண்மணி அக்கோள்களின் ஓட்டத்தைக் கணினியால் ஒலியாக்கினார். 1977இல் ஏவப்பட்ட வொயேஜர் விண்கலங்களின் பொன் இசைத்தட்டில் அது இடம்பெற்றது. 1979இல் யேல் பல்கலைக்கழகத்தின் இசைப் பேராசிரியர் வில்லி ரஃப், நிலவியலறிஞர் ஜோன் ரொட்ஜர்ஸுடன் இணைந்து கெப்ளரின் கணக்குகளை இசைத்தட்டாகவே வெளியிட்டார்.

ஏறத்தாழ 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 என்னும் விண்மீனை ஏழு கோள்கள் சுற்றிவருவது 2017இல் அறிவிக்கப்பட்டது. அயற்கோள்களின் சுற்றுக்காலங்கள் 3:2, 4:3 போன்ற விகிதங்களை ஒட்டியிருந்தன. வீணைத் தந்தியில் நாம் கண்ட அதே எண்கள்! டொரன்டோவின் வானியற்பியலாளர்கள் மாட் ருசோவும் டான் தமாயோவும், இசைக்கலைஞர் அன்ட்ரூ சன்டகுய்டாவுடன் சேர்ந்து அவற்றை இசையாக்கினர். இந்த இசைவே அக்கோள்களை ஒன்றோடொன்று மோதி அழியாமல் காத்துவருகிறது என்றும் தமாயோ குழுவினரின் ஆய்வு காட்டியது.

அந்த ஏழு கோள்களும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. ஒவ்வொன்றும் தன் பாதையில், தன் காலக்கணக்கில் செல்கிறது. எனினும் அயலாரின் ஓட்டத்தோடு பொருந்திச் செல்கிறது. குடும்ப இசைவும் இத்தகையதே. எல்லோரும் ஒரே சுரத்தைப் பாட வேண்டியதில்லை. ஒருவர் மற்றவரின் காலத்தை அறிந்து நடந்தால் போதும்.

சொல்லும் பேச்சுமின்றி வானங்கள் இறைமாட்சியை அறிவிக்கின்றன என்கிறது 19ஆம் திருப்பாடல். மகளை அடக்கம் செய்த தந்தை ஒருவர், போரின் வாசலில் நின்று அந்த அறிவிப்புக்குச் செவிசாய்த்தார். துயரம் தீர்ந்த பின்னரே இசைவைத் தேடுவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. நாமும் காத்திருக்க வேண்டியதில்லை.