எழுத்தில் மட்டும் ஒரு தடை

முதலில் ஒரு சிறு சோதனை. நீங்கள் இதுவரை படிக்காத பக்கம் ஒன்றை முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் பிடித்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து உரக்க வாசியுங்கள். பத்து வரி போதும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வாசித்ததன் பொருளைச் சொல்லிப் பாருங்கள். பாதிகூட நினைவுக்கு வராது. எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனமெல்லாம் செலவாகிவிட்டது அல்லவா?

சில மாணவர்களுக்கு நேராக உள்ள எழுத்தை வாசிப்பதே இவ்வளவு உழைப்பு. இந்த நிலைக்கு டிஸ்லெக்சியா என்று பெயர்.

1896-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். அவன் தன் பெயரையே எழுத்து மாற்றி ‘பிரெசி’ என்று எழுதினான். ஆனால் பெரிய எண்களைத் தடையின்றி வாசித்தான், இயற்கணிதமும் போட்டான். வாய்மொழியாகவே பாடம் நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து.

இதற்குக் காரணம் கண் கோளாறு அன்று, சோம்பலும் அன்று. பேச்சு நமக்கு இயல்பாக வருகிறது. எழுத்தோ தோன்றிச் சுமார் 5,000 ஆண்டுகளே ஆகின்றன. கண்ட வடிவத்தையும் கேட்ட ஒலியையும் இணைக்கும் பாதையை மூளை பயிற்சியால்தான் அமைத்துக்கொள்ள வேண்டும். ‘கெ’ என்ற எழுத்தைப் பாருங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது. அதன் ஒலியோ பின்னால் வருகிறது! நமக்குப் பழகிவிட்டது. டிஸ்லெக்சியா உள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சொல்லை ஒலிகளாகப் பிரித்து எழுத்தோடு பொருத்துவது கடினம். அறிவுக்கூர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தொடர் இணைப்பில் ஒரு விளக்கு பழுதானால் எல்லா விளக்குகளும் அணைந்துவிடும். பக்க இணைப்பில் மற்றவை எரியும். நம் வகுப்பறையோ தொடர் இணைப்பு! பாடம், வினாத்தாள், விடைத்தாள் எல்லாமே எழுத்து வழியாகத்தான்.

நானும் தவறியிருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் என் மாணவர் ஒருவர் எல்லோருக்கும் முன்பே மின்சுற்றை இணைத்துவிடுவார். ரெக்கார்டு நோட்டில் வரிக்கு வரி பிழை. அக்கறையில்லை என்று பலர் முன் கண்டித்தேன். பின்னொரு நாள் வாய்மொழியாகக் கேட்டபோது ஒன்றுவிடாமல் விளக்கினார். அதற்குள் அவர் ஆய்வுக்கூடத்தின் கடைசி மேசைக்குப் போயிருந்தார்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்கிறது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் உரிய சான்று பெற்றவர்களுக்குக் கூடுதல் நேரம் உண்டு. எழுத்தையும் ஒலியையும் முறையாக, படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தால் வாசிப்பும் மேம்படும்.

ஆனால் அன்றாட உதவி உங்கள் கையில்தான் இருக்கிறது. பாடத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் சொல்லும் விளக்கத்தைக் கேளுங்கள். பக்க இணைப்பு தயார்! வகுப்பில் அவர் திக்கித் திக்கி வாசிக்கும்போது சிரிப்பு வந்தால், கண்ணாடியில் நீங்கள் வாசித்த பத்து வரிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.