வண்டலைக் குறைக்கும் மரநடவில் இடத்தேர்வு: மஞ்சள் ஆற்றுப் படுகையை முன்வைத்து

திறவுச்சொற்கள்: மண்ணரிப்பு, வண்டல், மரநடவு, இடத்தேர்வு, மஞ்சள் ஆறு

முன்னுரை

ஆற்றில் சேரும் வண்டலைக் குறைக்க மரம் நடுதல் பரவலாகக் கையாளப்படும் வழியாகும். ஆயின் நிதியும் நிலமும் வரம்புக்குட்பட்டவை. எனவே, எத்தனை மரங்கள் என்பதைவிட எவ்விடத்தில் நடுவது என்பதே முதன்மையான வினாவாகும். சீனாவின் மஞ்சள் ஆற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

வண்டலின் பிறப்பிடம்

மஞ்சள் ஆற்று வண்டலின் பெரும்பகுதி, காற்றால் படிந்த நுண்மண்ணாலான லோயெஸ் மேட்டுநிலத்திலிருந்து வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதன் அளவு ஆண்டுக்குச் சராசரியாக 160 கோடி டன். 1960இல் நீரைத் தேக்கத் தொடங்கிய சான்மென்சியா அணை சில ஆண்டுகளிலேயே பெருமளவு தூர்ந்து, மறுசீரமைக்கப்பட்டது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் படுகையை உயர்த்துவது பெரிதும் 0.05 மி.மீ.க்கு மேற்பட்ட பருந்துகள்களே என்றும், அவை மேட்டுநிலத்தின் குறிப்பிட்ட பகுதிகளிலிருந்தே மிகுதியாக வருகின்றன என்றும் வண்டலியல் அறிஞர் சியென் நிங் முதலானோரின் ஆய்வுகள் காட்டின. இதனால் இடத்தேர்வின் இன்றியமையாமை புலப்பட்டது.

தேர்வுக்கான அளவுகோல்

அரிக்கப்படும் மண் முழுவதும் ஆற்றை அடைவதில்லை. ஒரு பகுதி சரிவின் அடியிலேயே தங்கிவிடுகிறது. கற்பனைக் கணக்கு ஒன்றைக் காணலாம். முதலிடத்தில் நடவு 100 டன் அரிப்பைத் தடுக்கிறது. அம்மண்ணில் 20 விழுக்காடே ஆற்றை அடையக்கூடியது எனில் பயன் 20 டன். இரண்டாமிடத்தில் 50 டன் தடுக்கப்படுகிறது. 60 விழுக்காடு ஆற்றை அடையக்கூடியது எனில் பயன் 30 டன். செலவு சமமாயின், அரிப்புக் குறைந்த இரண்டாமிடமே ஏற்றது. கன்று, பராமரிப்பு ஆகியவற்றோடு உழவர் இழக்கும் விளைச்சலும் செலவில் அடங்கும்.

ஓரிடத்தின் பயன் அண்டை இடங்களையும் சார்ந்தது. கீழ்ச்சரிவின் புல்வரிசை வண்டலை நிறுத்திவிடுமாயின், மேற்சரிவு நடவின் கூடுதல் பயன் குறையும். ஆதலின் ஓரிடத்தைத் தேர்ந்தபின் எஞ்சியவற்றை மீண்டும் கணக்கிடுதல் வேண்டும்.

மழையின் எல்லை

1999இல் தொடங்கிய அரசுத் திட்டம், செங்குத்தான சரிவுகளில் பயிரிடுவதைக் கைவிட்ட உழவர்களுக்குத் தானியமும் பணமும் வழங்கியது. எனினும் மழை குறைந்த பகுதிகளில் நடப்பட்ட மரங்கள் ஆழ்மண்ணின் ஈரத்தை உறிஞ்சியதால் மண்ணடுக்கு வறண்டது. மரங்களின் வளர்ச்சியும் குன்றியது. அத்தகைய இடங்களுக்குப் புல்லும் புதருமே பொருந்தும்.

முடிவுரை

நட்ட மரங்களின் எண்ணிக்கை வெற்றியின் அளவுகோலன்று. செலவிடும் தொகைக்கு எவ்வளவு வண்டல் ஆற்றை அடையாமல் தடுக்கப்படுகிறது என்பதே அளவுகோலாதல் வேண்டும். அவ்வாறு தேர்ந்தால், உழவர் விட்டுக்கொடுக்க வேண்டிய விளைநிலமும் குறையும் எனலாம்.