தராசுக்கு முத்திரை உண்டு, கம்ப்யூட்டருக்கு?



கடைக்கு நோட்டீஸ் அடித்து, வீடு வீடாகப் போடச் சொல்லி ஒரு பையனிடம் கொடுக்கிறோம். அவன் தன் இஷ்டத்துக்கு நாலு தெருவை விட்டுவிட்டால் நமக்கும் தெரியாது. நோட்டீஸ் கிடைக்காதவருக்கும் தெரியாது. பிறகு யார் புகார் கொடுப்பது?

அமெரிக்காவில் ஃபேஸ்புக் விளம்பரம் பற்றி இந்தக் கேள்விதான் எழுந்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம், மதம் பார்ப்பதை அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. விளம்பரத்துக்கும் அது பொருந்தும். 2019 மார்ச்சில் அந்நாட்டு வீட்டு வசதித் துறை ஃபேஸ்புக் மீது குற்றம் சாட்டியது. ஆனால் எந்த விளம்பரம் யாருக்குப் போகும் என்பதை முடிவு செய்வது கம்ப்யூட்டர். அதை வெளியாள் எப்படி நிரூபிப்பது?

அளந்து காட்டினார்கள்

அடுத்த சில நாட்களிலேயே நார்த்ஈஸ்டர்ன், தென் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தாங்களே காசு கட்டி விளம்பரம் கொடுத்திருந்தார்கள். யாருக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை எல்லாவற்றுக்கும் ஒன்றே. விளம்பரம் மட்டும் வேறு. வட கரோலினா வாக்காளர் பட்டியலில் இனமும் குறிக்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டு வெள்ளையரைச் சில வட்டாரங்களிலும் கறுப்பினத்தவரை வேறு வட்டாரங்களிலுமாகத் தேர்ந்தெடுத்தார்கள். எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை ஃபேஸ்புக்கே கொடுத்தது.

மரத்தொழில் வேலை விளம்பரத்தைப் பார்த்தவர்களில் 90 சதவீதம் வரை ஆண்கள். சூப்பர் மார்க்கெட் காசாளர் வேலை விளம்பரத்தில் 85 சதவீதம் வரை பெண்கள். டாக்ஸி கம்பெனி வேலை விளம்பரத்தில் 75 சதவீதம் வரை கறுப்பினத்தவர். வீட்டு விளம்பரங்களிலும் இன வேறுபாடு தெரிந்தது. இத்தனைக்கும் விளம்பரம் கொடுத்தவர்கள் யாரையும் ஒதுக்கச் சொல்லவில்லை!

சமரசம்

2022 ஜூனில் அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது. அன்றைக்கே சமரசமும் ஆனது. அபராதம் 1,15,054 டாலர். அந்தக் கம்பெனிக்கு இது சில்லறை. வேறுபாட்டைக் குறைக்க ஏற்பாடு செய்ய வேண்டும், அதை வெளியாள் சரிபார்க்க வேண்டும் என்ற நிபந்தனைதான் பெரிது. 2023 ஜனவரியில் வீட்டு விளம்பரங்களுக்கு அந்த ஏற்பாடு வந்தது.

மண்டியில் எடை குறைகிறது என்று வாயால் சொன்னால் எடுபடாது. அதே மூட்டையை முத்திரையிட்ட வேறு தராசில் வைத்துக் காட்டினால் பேச்சு முடிந்தது. நீதிமன்றத்திலும் அப்படித்தான். சட்டம் இருந்தால் மட்டும் போதாது. அளந்து காட்டுகிறவரும் வேண்டும்.

நம்மில் பலரும் இன்று செல்போன் வழியே விளம்பரம் கொடுக்கிறோம். பணம் கட்டுவது நாம். யாருக்குப் போனது என்ற கணக்கையும் கேட்டு வாங்குவோம்.