மாறாத ஆயிரத்தின் கணக்கு

டீயைக் குடித்துக்கொண்டே பார்க்கலாம், கணக்கு பெரிதில்லை. எக்செல் இருந்தால் எக்செல், இல்லாவிட்டால் போனிலேயே கூகுள் ஷீட்ஸ் போதும். விலைவாசி ஏற ஏறப் பணத்தின் மதிப்பு எவ்வளவு தேய்கிறது என்று நாமே போட்டுப் பார்க்கப் போகிறோம்.

அதற்கு ஒரு தொகை வேண்டும். மில்லிலும் பட்டறையிலும் கம்பெனியிலும் பி.எஃப். பிடித்தம் செய்யப்பட்டு ஓய்வு பெற்றவர்களுக்கான 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், குறைந்தபட்சம் மாதம் 1000 ரூபாய் என்று 2014 செப்டம்பர் 1 முதல் வைத்தார்கள். 2024-25 முடியும்போதும் அதே 1000தான். அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி திருத்தம் உண்டு, இதற்குக் கிடையாது. அசையாமல் நிற்கும் தொகை என்பதால்தான் இதை எடுத்தேன். விலைவாசி செய்யும் வேலை இதில் ஒளிவு மறைவின்றித் தெரியும்.

முதல் வரியைத் தலைப்புக்கு விட்டுவிடுங்கள். ஏ நெடுவரிசையில் நிதியாண்டு, இரண்டாம் வரியில் 2014-15 தொடங்கிப் பன்னிரண்டாம் வரியில் 2024-25 வரை. பி-யில் அந்தந்த ஆண்டின் சில்லறைப் பணவீக்கம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நுகர்வோர் விலைக் குறியீட்டு ஆண்டுச் சராசரிப்படி, 2015-16-க்கு 4.9 சதவீதம், அடுத்தடுத்து 4.5, 3.6, 3.4, 4.8, 6.2, 5.5, 6.7, 5.4, கடைசியாக 2024-25-க்கு 4.6. சதவீதக் குறி போடாமல் வெறும் எண்ணாக அடியுங்கள். குறி போட்டுவிட்டால் கீழே வரும் சூத்திரத்தில் நூறால் வகுக்கும் வேலை இரட்டிப்பாகி, விலையே ஏறாத அதிசய நாட்டுக்குக் கணக்கு போய்விடும்.

இனி பலர் செய்வது, இந்தப் பத்து எண்களையும் கூட்டுவது. 49.6 வரும். "பாதி போச்சு, 1000 ரூபாய்க்கு இப்போ 500தான் மதிப்பு" என்று முடித்துவிடுவார்கள். இதில் இரண்டு பிசகு இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் விடை நம்பும்படி இருக்கும்.

முதல் பிசகு கூட்டல். இந்த ஆண்டின் ஏற்றம், போன ஆண்டு ஏறி நின்ற விலையின் மேல்தான் ஏறுகிறது. அதனால் பெருக்க வேண்டும். சி2 கட்டத்தில் 100 என்று போடுங்கள். சி3-இல் =சி2*(1+பி3/100). (எழுத்துகளை ஷீட்டின் தலையில் இருப்பதுபோல ஆங்கிலத்திலேயே அடிக்க வேண்டும்.) 104.9 வரும். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் சின்னச் சதுரம் ஒன்று இருக்கும். அதைப் பிடித்துப் பன்னிரண்டாம் வரி வரை இழுத்துவிடுங்கள். சி12-இல் 162.2 நிற்கும். 2014-15-இல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்குப் பத்து ஆண்டு கழித்து 162 ரூபாய் 20 காசு.

இரண்டாவது பிசகு கழித்தல். விலை 62 சதவீதம் ஏறினால் பணம் 62 சதவீதம் இழக்காது. விலை இரட்டிப்பானால், அதாவது 100 சதவீதம் ஏறினால், நம் கையிலிருக்கும் பணத்துக்குப் பாதிச் சாமான் கிடைக்கும். ஒன்றுமே கிடைக்காமல் போகாது அல்லவா? ஆகவே வகுக்க வேண்டும். ஓய்வூதியத் தொகையை எஃப்1 கட்டத்தில் தனியாக எழுதிவிட்டு, டி2-இல் =$எஃப்$1*100/சி2 என்று போட்டு இழுங்கள். டாலர் குறி இல்லாவிட்டால் இழுக்கும்போது எஃப்1 என்பது எஃப்2, எஃப்3 என்று நழுவிப் போய்விடும்.

டி12-இல் 616 ரூபாய் சொச்சம். வாங்கும் சக்தியில் 38 சதவீதம் காலி. நடு வரிகளையும் பாருங்கள். 2018-19-இல் 852, 2022-23-இல் 680. முதல் நான்கு ஆண்டில் 148 ரூபாய் தேய்ந்தது. அடுத்த நான்கில் 172. தேய்வதற்கு மிச்சம் குறைந்துகொண்டே வந்தும் தேய்மானம் கூடியிருக்கிறது. கொரோனாவும் உக்ரைன் போரும் அந்த வரிகளுக்குள்தான் இருக்கின்றன. ஓய்வூதியத்தை மாதம் 384 ரூபாய் குறைக்கிறோம் என்று யாராவது அரசாணை போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்!

ஆனால் சி நெடுவரிசை நாட்டின் சராசரி. அது வழவழப்பாக ஏறும். வீட்டு விலை அப்படி ஏறுவதில்லை. இந்த டீக்கு ஊற்றிய பாலையே எடுங்கள். ஆவின் நீலப் பாக்கெட், சமன்படுத்திய பால், மாத அட்டைக்கு லிட்டர் 24 ரூபாயாக இருந்தது. அந்த 1000 ரூபாய் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, 2014 நவம்பர் 1 அன்று, ஒரே நாளில் 34 ஆனது. 2019 ஆகஸ்டில் 40. 2021 மே மாதம் 3 ரூபாய் குறைத்து 37. ஆயிரம் ரூபாய்க்கு முதலில் 41 லிட்டருக்கு மேல். அப்புறம் 29, 25, கடைசியில் 27. பத்தாண்டு மொத்தத்தில் பார்த்தால் பால் குறியீட்டைவிடக் கொஞ்சம் சாதுதான். ஆனால் 2015-16-இல் நம் ஷீட் 953 ரூபாய் மிச்சம் என்று சொல்லும்போது, பால் வாங்குகிறவர் கையில் அந்த 1000 ஏற்கெனவே 706 ஆகிவிட்டது.

2012-ஐ அடிப்படையாகக் கொண்ட அந்தக் குறியீட்டில் உணவு, பானங்களுக்கு மட்டும் ஏறத்தாழ 46 சதவீத எடை; மருத்துவத்துக்கு 6 சதவீதம்கூட இல்லை. எழுபது வயதுக்காரரின் மாதச் செலவு இப்படியா இருக்கும்? ரேஷன் அரிசி தமிழ்நாட்டில் 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. அரிசிக் கடைக்குப் போகாதவருக்கு அந்த வரியில் பணவீக்கமே இல்லை. மாத்திரைச் செலவோ மூன்று மடங்கு இருக்கலாம். ஆகவே இன்னொரு தாளில் உங்கள் சாமான்களை எழுதுங்கள்: மாதம் எவ்வளவு, அன்றைய விலை, இன்றைய விலை. அளவை மாற்றாமல் இரண்டு விலையாலும் தனித்தனியே பெருக்கிக் கூட்டி, இன்றைய கூட்டலை அன்றையதால் வகுத்தால் உங்கள் வீட்டுக் குறியீடு வந்துவிடும். பழைய விலை ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது; ஞாபகம் எப்போதும் மலிவாகவே சொல்லும். பழைய பில், கணக்கு நோட்டு இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

இ நெடுவரிசையை விட்டு வைத்திருந்தோம். =$எஃப்$1*சி2/100 என்று போட்டு இழுத்தால், பழைய 1000-க்கு ஈடாக 2024-25-இல் எவ்வளவு தர வேண்டும் என்று சொல்லும்: 1622. ஓய்வூதியர் சங்கங்கள் கேட்பது 7500. பணவீக்கத்தை மட்டும் காட்டி அந்தத் தொகைக்குப் போய்ச் சேர முடியாது. அதற்கு ஆதாரம், 1000 என்பது அன்றைக்கே போதாத தொகை என்ற வாதம்தான். வாதத்தில் பலம் இருக்கிறது. பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான நாடாளுமன்றக் குழு 2013-லேயே குறைந்தது 3000 தரச் சொன்னது. எஃப்1-இல் 1000-ஐ அழித்துவிட்டு 3000 என்று அடித்து, அதை 2014-15 விலையிலான தொகையாக வைத்துப் பார்த்தால், இ12-இல் 4866 வரும்.